பழம்பொறியின் உடல்நலம்

மண்ணை வெட்டுதலும் சுமத்தலும், மேட்டைச் சரித்துப் பள்ளத்தை நிரப்புதலும் மனிதன் தொன்றுதொட்டுச் செய்துவரும் தொழில்களாகும். ஏரிக்குக் கரை கட்டியோரும், காட்டைத் திருத்திக் கழனியாக்கியோரும், ஊர்களை இணைக்கச் சாலை சமைத்தோரும் நெடுங்காலம் மண்வெட்டியையும் கூடையையுமே துணையாகக் கொண்டனர். பலர் கூடிப் பல நாள் செய்த அவ்வேலையைச் சில மணி நேரத்தில் ஒருவரே செய்து முடிக்குமாறு இருபதாம் நூற்றாண்டு படைத்துத் தந்த பொறியே புல்டோசர்.

முன்புறத்தில் மண்ணைத் தள்ளும் அகன்ற எஃகுத் தகடு. இரு பக்கங்களிலும் சக்கரங்களுக்கு மாறாகச் சுழன்று செல்லும் இரும்புச் சங்கிலித் தடங்கள். நடுவில் கனத்த டீசல் எஞ்சின். இம்மூன்றும் சேர்ந்ததே புல்டோசர். தகடு தேய்ந்தால் கண்ணுக்குத் தெரியும். தடம் தளர்ந்தால் அதன் ஒலியே காட்டிக்கொடுக்கும். எஞ்சினுக்கு உற்ற நோயோ உள்ளேயே வளர்ந்து, முற்றிய பின்னரே வெளிப்படும். ஆதலால் பழைய புல்டோசரைப் பேணுவது என்பது பெரும்பாலும் அதன் எஞ்சினைப் பேணுவதே. எஞ்சினைப் பேணுவது என்பது, முதன்மையாக, அதன் வெப்பத்தை அளவில் நிறுத்துவதே.

அமெரிக்க நாட்டில் கலிபோர்னியா மாநிலத்தில் ஸ்டாக்டன் என்னும் நகரம் உள்ளது. அதனைச் சூழ்ந்த ஆற்றுப்படுகை நிலம் வளம் மிக்கது. ஆனால் சேறும் மிக்கது. நீராவியால் இயங்கிய இழுவைப் பொறிகளின் சக்கரங்கள் அந்நிலத்தில் புதைந்தன. அந்நகரில் பொறிகள் செய்துவந்த பெஞ்சமின் ஹோல்ட் என்பார், 1904ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில், ஒரு பொறியின் சக்கரங்களை நீக்கி, மரப்பலகைகள் கோத்த சங்கிலித் தடங்களைப் பூட்டி ஓட்டிப் பார்த்தார். பொறி புதையாமல் ஊர்ந்து சென்றது. அது ஊர்ந்த விதம் கம்பளிப்புழுவை நினைவூட்டியமையால், அப்புழுவின் ஆங்கிலப் பெயராகிய 'கேட்டர்பில்லர்' என்பதே அதற்கும் பெயராயிற்று. 1925இல் ஹோல்ட்டின் நிறுவனமும் மற்றொரு நிறுவனமும் ஒன்றாய் இணைந்தபோது, புதிய நிறுவனம் அப்பெயரையே தாங்கியது. 1931இல் அது டீசல் எஞ்சின் பூட்டிய தன் முதல் இழுவைப் பொறியை வெளியிட்டது. 1942இல் அமெரிக்கப் படையின் பொறியாளர் பிரிவினர், கனடாவிலிருந்து அலாஸ்கா வரை அடர்ந்த காட்டின் ஊடே, 2,400 கிலோமீட்டருக்கு மேற்பட்ட நெடுஞ்சாலையை ஏறத்தாழ எட்டுத் திங்களில் திறந்தனர். புல்டோசரின் ஆற்றலை அன்று உலகம் கண்டது.

அதன் பின்னர், 1950களிலும் 1960களிலும் செய்யப்பெற்ற புல்டோசர்களுள் சில இன்றும் பண்ணைகளில் உழைத்து வருகின்றன. பழைய பொறியை வைத்துப் பிழைப்போருக்கு அதுவே முதல், அதுவே சோறு. புதிய பொறி வாங்கும் பொருள்வளம் அவர்களுக்கு இல்லை. பழைய எஞ்சின் ஒருநாள் வெப்பம் மீறி இறுகி நின்றுவிடுமானால், அதனோடு ஒரு குடும்பத்தின் பிழைப்பும் நின்றுவிடும். அந்நிலை வாராமல் காப்பதற்கு வேண்டுவது பெரும்பொருள் அன்று. நாள்தோறும் சிறிது நேரமும், ஓயாத கவனமுமே.

டீசல் எஞ்சின் ஏன் இவ்வளவு சூடு கொள்கிறது? மிதிவண்டிச் சக்கரத்திற்குக் காற்று அடிக்கும்போது அடிகுழாய் கையைச் சுடுவதைச் சிறுவரும் அறிவர். காற்றை அழுத்தினால் அது வெப்பம் கொள்ளும் என்னும் இவ்வுண்மையே டீசல் எஞ்சினுக்கு அடிப்படை. சிலிண்டர் என்னும் உருளைக்குள் பிஸ்டன் மேலே செல்லும்போது, காற்று தன் பருமனில் ஏறக்குறைய பதினாறில் ஒரு பங்காக நெருக்கப்படுகிறது. அதன் வெப்பம் 500 டிகிரி செல்சியசுக்கும் மேல் உயர்கிறது. அந்த நொடியில் டீசல் எண்ணெய் நுண்துளிகளாக உள்ளே பீச்சப்படுகிறது. தீப்பொறி எதுவும் இன்றி எண்ணெய் தானே பற்றி எரிகிறது. எரியும் வளியின் வெப்பம் ஒரு கணம் 2,000 டிகிரியை எட்டுகிறது. வார்ப்பிரும்பு உருகுவதற்கு ஏறத்தாழ 1,200 டிகிரியே போதும் என்பதை நினைத்தால், இந்த எஞ்சின் உருகாமல் ஓடுவதே வியப்பாகும்.

இவ்வெஞ்சினை அமைத்தவர் ருடால்ப் டீசல் என்னும் ஜெர்மானியப் பொறியாளர். அவர் தொடக்கத்தில், தம் எஞ்சின் வெப்பத்தை வீணாக்காமல் வேலையாக மாற்றிவிடும். ஆகவே அதற்கு நீரால் குளிர்ச்சி ஊட்ட வேண்டுவதில்லை என்று கருதினார். 1893இல் அவர் செய்த முதல் ஆய்வுப் பொறிக்கு நீருறை இல்லை. ஆய்வுகள் தொடரத் தொடர உண்மை வேறாய் இருந்தது. 1897இல் ஆக்ஸ்பர்க் நகரில் வெற்றியோடு ஓடிய எஞ்சின், நீருறை பூண்டே ஓடியது. அது எண்ணெயின் வெப்பத்தில் நூற்றுக்கு 26 பங்கை வேலையாக்கியது. அக்கால நீராவிப் பொறிகளை நோக்க இது மிகப் பெரிய வெற்றி. எனினும் எஞ்சிய வெப்பம் எங்கேனும் போயாக வேண்டும் அன்றோ? இன்றும், பொதுவாக, எண்ணெய் தரும் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே வேலையாகிறது. மற்றொரு பங்கு புகையோடு வெளியேறுகிறது. மீதியின் பெரும்பகுதியை நீர் சுமந்து செல்ல வேண்டியிருக்கிறது.

அந்நீர் செல்லும் வழி எளியது. சிலிண்டரைச் சுற்றிலும் உள்ள வெற்றிடத்தில் நீர் நிறைந்திருக்கிறது. எஞ்சினால் சுழற்றப்படும் நீர்ப்பம்பு அதனை இடைவிடாது ஓட்டுகிறது. சூடேறிய நீர் மேலேறி ரேடியேட்டருக்குச் செல்கிறது. அங்கே மெல்லிய குழாய்கள் பலவற்றில் பிரிந்து இறங்குகிறது. குழாய்களின் மேல் பொருந்திய தகடுகள் வெப்பத்தை வாங்கிக்கொள்ள, விசிறி தள்ளும் காற்று அதனைக் கொண்டு போகிறது. ஆறிய நீர் மீண்டும் எஞ்சினுக்குத் திரும்புகிறது. உடலில் குருதி ஓடுவது போன்றது இவ்வோட்டம். ஓட்டம் எங்கே தடைப்பட்டாலும் எஞ்சின் நோயுறும்.

முதல் தடை நீரிலேயே உள்ளது. கிணற்று நீரை நாள்தோறும் காய்ச்சும் தவலையின் உட்புறத்தில் வெண்மையான படிவு ஒட்டியிருப்பதைக் காணலாம். நீரில் கரைந்துள்ள சுண்ணமே சூட்டினால் அவ்வாறு படிகிறது. உப்பு மிக்க நீரை எஞ்சினில் ஊற்றினால் இதே படிவு சிலிண்டரின் வெளிச்சுவரில் ஒட்டிக்கொள்ளும். வெப்பத்தைக் கடத்துவதில் இப்படிவு இரும்புக்கு மிகவும் தாழ்ந்தது. இரும்பும் நீரும் தொட்டுக்கொண்டிருக்க வேண்டிய இடத்தில் அது ஒரு கம்பளிபோல் குறுக்கே நிற்கும். வெளியே நீர் குளிர்ந்திருக்க, உள்ளே இரும்பு வேகும். ஆதலால் தூய்மையாக வடித்தெடுத்த நீரையோ, உப்புக் குறைந்த மென்னீரையோதான் பயன்படுத்தல் வேண்டும்.

இரண்டாவது கேடு இன்னும் வியப்பானது. பல டீசல் எஞ்சின்களில் பிஸ்டன் ஓடும் உள்ளுறையின் வெளிப்புறத்தை நீர் நேரே தொட்டுக்கொண்டிருக்கும். எண்ணெய் எரியும் ஒவ்வொரு முறையும் அவ்வுறை மிக நுண்மையாக அதிர்கிறது. அதிர்வினால் நீரில் சிறு குமிழ்கள் தோன்றி உடைகின்றன. உடையும் குமிழ் ஒவ்வொன்றும் ஊசி முனைபோல் இரும்பைக் குத்துகிறது. பல நூறு மணி நேர உழைப்பிற்குப் பின் அவ்விடத்தில் துளை விழுந்து, நீர் சிலிண்டருக்குள் புகும். கல்லைக் கரைக்கும் நீர், இரும்பையும் துளைக்க வல்லது என்பதற்கு இது சான்று. துருவையும் இத்துளையையும் தடுக்கும் மருந்துகளை நீரில் கலப்பது அதனால்தான். கூலன்ட் எனப்படும் நீர்மங்களில் இம்மருந்துகள் சேர்ந்திருக்கின்றன. காலம் செல்லச் செல்ல அவற்றின் ஆற்றல் குறையும்; எனவே குறித்த காலத்தில் பழையதை இறக்கிக் கழுவிப் புதியதை ஊற்றுதல் வேண்டும். இந்நீர்மங்களில் பெரும்பாலானவற்றில் எத்திலீன் கிளைக்கால் என்னும் பொருள் உண்டு. அது இனிக்கும் நஞ்சு. இறக்கிய நீர்மத்தைத் தரையில் ஊற்றினாலும், திறந்த பாத்திரத்தில் விட்டுவைத்தாலும், கால்நடைகளும் குழந்தைகளும் அதனைப் பருகி உயிரிழக்க நேரும்.

மூன்றாவது தடை வெளியிலிருந்து வருவது. புல்டோசர் புழுதியிலேயே பிறந்து புழுதியிலேயே வாழ்வது போன்றது. தூசி, சருகு, வைக்கோல் துணுக்கு ஆகியவை ரேடியேட்டரின் தகடுகளுக்கிடையே அடைந்துகொள்ளும். எங்கேனும் எண்ணெய் கசிந்து அதன்மேல் பட்டுவிட்டால் புழுதி களிபோல் இறுகிவிடும். காற்று நுழைய வழியின்றி, நீர் ஆறாமலே எஞ்சினுக்குத் திரும்பும். இதனைத் தூய்மை செய்வதிலும் ஒரு முறை உண்டு. விசிறியின் காற்று எத்திசையிலிருந்து வருகிறதோ அதற்கு எதிர்த்திசையிலிருந்து நீரையோ அழுத்தக் காற்றையோ மென்மையாகச் செலுத்துதல் வேண்டும். அப்பொழுதுதான் அழுக்கு வந்த வழியே வெளியேறும். வேகம் மிகுந்தால் மெல்லிய தகடுகள் மடிந்து, இருந்த வழியும் அடைபடும்.

விசிறியைச் சுழற்றும் பெல்ட்டையும் மறத்தல் ஆகாது. அது தளர்ந்தால் வழுக்கும். விசிறி மெதுவாகச் சுழலும். மிக இறுகினால் பம்பின் தாங்கிகள் தேயும். எஞ்சின் நின்றிருக்கும்போது பெல்ட்டின் நடுவில் பெருவிரலால் அழுத்தினால் ஏறத்தாழ அரை அங்குலம் தாழ்வது பொதுவான அளவு. புல்டோசர்கள் சிலவற்றில் விசிறி காற்றை உள்ளிழுக்கும். சிலவற்றில் வெளியே தள்ளும். பழுது பார்க்கும்போது விசிறியைத் திருப்பி மாட்டிவிட்டால் காற்றோட்டம் குன்றும். பழைய ரப்பர்க் குழாய்களும் வஞ்சகம் செய்வன. வெளியே நன்றாய்த் தோன்றினும், உள்ளே தோல் உரிந்து நீரை மறிக்கும். கைக்கு மிகவும் மெத்தென்றோ விறைத்தோ இருக்கும் குழாயை மாற்றிவிடுதலே நன்று.

வெப்பத்திற்கு அஞ்சி எஞ்சினை மிகவும் குளிர வைப்பதும் தவறேயாகும். நீரின் வழியில் தெர்மோஸ்டாட் என்னும் சிறிய கதவு ஒன்று உள்ளது. நீர் ஏறத்தாழ 80 டிகிரி வெப்பம் அடையும் வரை அது மூடியிருந்து, பின்னர்த் திறந்து நீரை ரேடியேட்டருக்கு விடும். வெயில் மிக்க நாடுகளில் இது வேண்டாத பொருள் என்று எண்ணி எறிந்துவிடுவோர் உண்டு. அவ்வாறு செய்தால் எஞ்சின் தனக்குரிய வெப்பத்தை அடையாது. எண்ணெய் முழுதும் எரியாமல் சிலிண்டரின் சுவரில் வழிந்து மசகெண்ணெயோடு கலக்கும். ஈரம் உறைந்து அமிலமாகி இரும்பை அரிக்கும். வெந்து அழியும் எஞ்சின் ஒரு நாளில் அழியும், குளிர்ந்து தேயும் எஞ்சின் சில ஆண்டுகளில் அழியும், வேறுபாடு அவ்வளவே. பழைய கேட்டர்பில்லர் பொறிகளை அமைத்தோர் இதனை நன்கு உணர்ந்திருந்தனர். அவற்றில் பெரிய டீசல் எஞ்சினைத் தொடங்கிவைக்க, பெட்ரோலால் ஓடும் சிறிய எஞ்சின் ஒன்று இருந்தது. இரண்டிற்கும் நீர் பொதுவாயிருந்தமையால், சிறியது ஓடிச் சூடேற்றிய நீர் பெரியதையும் வெதுவெதுப்பாக்கியது. அலாஸ்கா நெடுஞ்சாலையில் கடுங்குளிர் வந்தபோது, நிறுத்தினால் மீண்டும் கிளம்பா என்று அஞ்சிப் பொறிகளை இரவிலும் ஓட விட்டனர்.

ரேடியேட்டரின் மூடி சிறியதாயினும் அதன் பணி பெரிது. நீர் 100 டிகிரியில் கொதிக்கும் என்பது பள்ளிப் பாடம். அழுத்தம் கூடினால் கொதிநிலையும் கூடும். வெளிக்காற்றின் அழுத்தத்தைப் போல் ஒன்றரை மடங்கு அழுத்தத்தில் நீர் ஏறத்தாழ 111 டிகிரியில்தான் கொதிக்கும். அழுத்த மூடி பொருந்திய பொறிகளில், மூடி இவ்வாறு நீரைக் கொதிக்காமல் காக்கிறது. ஆனால் அதே மூடியைச் சூடு ஆறுமுன் திறந்தால், அழுத்தம் நீங்கிய கணமே நீர் கொதித்துப் பீறிட்டு எழும். முகமும் கையும் வெந்து போனோர் பலர். வெறுங்கையால் மூடியைத் தொட்டுப் பார்த்து, சுடாத நிலையிலேயே அதனைத் திறத்தல் வேண்டும். வற்றிச் சூடேறிய எஞ்சினில் தண்ணீரைச் சட்டென்று ஊற்றுவதும் பெருங்கேடு. காய்ந்த இரும்பு குளிர்நீர் பட்டு வெடிக்கும். வெடித்த வார்ப்பிரும்பை ஒட்டுதல் அரிது.

நீரோடு மசகெண்ணெயும் வெப்பத்தைச் சுமக்கிறது. நீர் எட்ட முடியாத பிஸ்டனின் அடிப்புறமும் தாங்கிகளும் எண்ணெயையே நம்பியுள்ளன. காலையில் எஞ்சினைத் தொடங்குமுன் அளவுகோலை எடுத்துப் பார்ப்பது முதற்கடமை. எண்ணெய் பால் கலந்த காப்பிபோல் வெளுத்திருந்தால், நீர் அதில் கலந்துவிட்டது என்று அறிதல் வேண்டும். அந்நிலையில் எஞ்சினைத் தொடங்காமல் பழுதைத் தேடுவதே அறிவுடைமை. காற்று வடிகட்டி அடைபட்டால் கரும்புகை எழும்; எண்ணெய் சரிவர எரியாமல் புகையின் சூடு ஏறும். வடிகட்டி கிழிந்தாலோ புழுதி உள்ளே புகுந்து அரம்போல் சிலிண்டரைத் தேய்க்கும். எரியெண்ணெய்த் தொட்டியை மாலையிலேயே நிரப்பி வைத்தால், இரவில் அதனுள் ஈரம் படிவது குறையும்.

பொறியைச் செம்மையாக வைத்திருப்பினும் ஓட்டுபவர் பொறுமை இழந்தால் பயன் இல்லை. தகடு நிறைய மண்ணைச் சேர்த்துக்கொண்டு, எஞ்சின் திணறித் திணறி ஓடுமாறு செலுத்தினால் வெப்பம் விரைவில் ஏறும். தடங்களை அளவுக்கு மேல் இறுக்கி வைத்தாலும் எஞ்சினின் ஆற்றல் அவற்றைச் சுழற்றுவதிலேயே வீணாகும். கடும் உழைப்பிற்குப் பின் எஞ்சினை உடனே நிறுத்தாமல், சுமையின்றிச் சில நிமிடம் மெல்ல ஓடவிட்டு நிறுத்துதல் வேண்டும். உள்ளே தேங்கிய வெப்பத்தை அந்நேரத்தில் நீரும் எண்ணெயும் வெளியேற்றிவிடும்.

ஓட்டுநருக்கு எதிரே வெப்பமானி இருக்கிறது. அதன் முள் ஏறத் தொடங்கினால், தகட்டைத் தரையில் இறக்கிச் சுமையை நீக்கி, எஞ்சினை மெல்ல ஓடவிட்டால் முள் பெரும்பாலும் இறங்கும். நீர் ஒழுகினாலோ, பெல்ட் அறுந்தாலோ, முள் இறங்காவிட்டாலோ உடனே நிறுத்துதல் வேண்டும். இன்னும் இரண்டு கொத்து மண்தானே, முடித்துவிடலாம் என்னும் எண்ணமே பல எஞ்சின்களுக்குக் கூற்றாய் முடிந்திருக்கிறது. வெப்பமானியை மட்டும் நம்புவதும் போதாது. அதன் உணர்முனை நீரில் மூழ்கியிருந்தால்தான் சரியாகக் காட்டும். நீர் முழுதும் வற்றிவிட்டால் முனை வெற்றிடத்தில் நிற்கும். எஞ்சின் வேகும்போதும் முள் அமைதியாய் இருக்கக்கூடும். ஆகவே தேர்ந்த ஓட்டுநர் முள்ளைப் பார்ப்பதோடு நில்லார். ஒலி மாறுவதைச் செவியால் கேட்பார். ஆற்றல் தளர்வதைக் கையால் உணர்வார். காய்ந்த மணத்தை மூக்கால் அறிவார். நின்ற இடத்தில் ஈரம் படிந்திருக்கிறதா என்று குனிந்து பார்ப்பார்.

பழைய பொறி ஒரே நாளில் கெடுவதில்லை. ஒழுகும் ஒரு துளி, தளர்ந்த ஒரு பெல்ட், அடைபட்ட ஒரு வடிகட்டி என்று சிறுகச் சிறுகவே கெடுகிறது. அவ்வாறே சிறுகச் சிறுகவே அதனைக் காக்கவும் இயலும். காலையில் நீர், எண்ணெய், பெல்ட், வடிகட்டி ஆகிய நான்கையும் பார்க்கக் கால்மணி நேரம் போதும். அக்கால்மணி நேரத்தை நாள்தோறும் தவறாது கொடுப்பவரிடம், அரை நூற்றாண்டு கடந்த எஞ்சினும் அடங்கிய குரலில் ஓடி, அவருக்கும் அவரைச் சார்ந்தோருக்கும் சோறு அளிக்கும்.

பயிற்சி

1. டீசல் எஞ்சினில் தீப்பொறி இன்றியே எண்ணெய் எரிவது எவ்வாறு?
2. நீருறையைப் பற்றி ருடால்ப் டீசல் முதலில் கொண்ட கருத்து யாது? அது எவ்வாறு மாறியது?
3. உப்பு மிக்க நீரை எஞ்சினில் ஊற்றுவதால் விளையும் தீமையை விளக்குக.
4. தெர்மோஸ்டாட்டை நீக்குதல் ஏன் தவறு?
5. வெப்பமானியின் முள் அமைதியாய் இருக்கும்போதும் எஞ்சின் வெந்துகொண்டிருக்கக் கூடும். காரணம் கூறுக.